ஒரே அறையில் இரண்டு பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: 10 வயது மகள், 6 வயது மகன். இரண்டு கட்டில் போட்டதும் நடக்கத்தான் இடம் இருக்கிறது. தடுப்பு எப்படிப் போடுவது?

தடுப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆளுக்கொரு இடம் ஒதுக்குங்கள். ஒரு இழுப்பறை, கட்டிலின் தலைமாட்டுச் சுவர், அவ்வளவு போதும். அங்கே எதை ஒட்டுவது, எதை வைப்பது என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். உங்களுக்குப் பிடிக்காத படமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தலைமாட்டில் ஆளுக்கொரு சின்ன விளக்கும் வேண்டும். நினைத்தபோது தானே போட்டு அணைக்க முடிவது அந்த வயதில் பெரிய விஷயம்.

கட்டில்களுக்கு நடுவே திரை போடுவது சுலபம், துணி விளக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரியைத் தடுப்பாக நிறுத்தினால் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியே ஆக வேண்டும். பிள்ளைகள் அதில் ஏறுவார்கள், அப்படியே கவிழ்ந்துவிடும்.

கேள்வி: அக்காவின் பொருள்களைத் தம்பி எடுத்து உடைக்கிறான். 'சின்னவன்தானே, விட்டுக்கொடு' என்றால் அவள் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

அவள் கோபம் தம்பி மேல் இல்லை, உங்கள் மேல்தான். தன் பொருளுக்கு வீட்டில் மதிப்பில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகள் ஒரு செருப்புப் பெட்டியில் பொத்தான்கள், கூழாங்கற்கள், மினுமினுக்கும் மிட்டாய்த் தாள்கள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். அறையைச் சுத்தம் செய்யும்போது குப்பை என்று கொட்டிவிட்டேன். குப்பைக்கூடைக்குள் கைவிட்டு ஒவ்வொரு பொத்தானாக எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. அன்றிலிருந்து அவளைக் கேட்காமல் எதையும் தொடுவதில்லை.

அதனால் 'கேட்டு எடு' என்ற சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் கேட்பதைப் பார்த்துத்தான் தம்பியும் கேட்பான். அவள் 'தரமாட்டேன்' என்றால் அதுதான் பதில், நடுவில் புகுந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். அவனுக்கு எட்டாத உயரத்தில் அவளுக்கு ஒரு தட்டும் அடித்துக் கொடுங்கள்.

கேள்வி: அடுக்குக் கட்டில் வாங்கலாமா?

வாங்கலாம். கீழ்க்கட்டிலுக்கு ஒரு திரை போட்டால் தனி அறை மாதிரியே ஆகிவிடும். ஆனால் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது. பக்கத்தடுப்பு மெத்தைக்கு மேலே குறைந்தது 13 செ.மீ. நிற்க வேண்டும். தடித்த மெத்தை போட்டால் அந்த உயரம் குறைந்துவிடும், அளந்து பார்த்து வாங்குங்கள். மின்விசிறிக்குப் பக்கத்தில் போடவே வேண்டாம்.

கேள்வி: 14 வயது மகன் நள்ளிரவு வரை விழித்திருக்கிறான். 8 வயதுத் தங்கைக்குத் தூக்கம் கெடுகிறது.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது, தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதும் தாமதமாகிறது. ஆனாலும் அவனுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, அவளுக்கு 9 முதல் 12. அவள் தூங்கிய பிறகு அவன் வேறிடத்தில் படிக்கட்டும். இரவு உடையையும் மறுநாள் பையையும் முன்னமே வெளியே எடுத்து வைத்துக்கொண்டால் அறையில் விளக்குப் போட வேண்டியதில்லை. பதிலுக்கு, மாலையில் ஒரு மணி நேரம் அறை அவனுக்கு மட்டும் என்று விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: 11 வயது மகள் பூட்டு வைத்த பெட்டி கேட்கிறாள். எதை மறைக்கப் பார்க்கிறாள்?

பெரும்பாலும் எதையும் இல்லை. தனக்கென்று ஒரு மூலை கேட்கிறாள், அவ்வளவுதான். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவே குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. வாங்கிக் கொடுங்கள், சாவி அவளிடமே இருக்கட்டும். அவளுக்கு ஆபத்து என்று உண்மையாகவே தோன்றினால் மட்டும், அவளிடம் சொல்லி, அவள் முன்னாலேயே திறந்து பாருங்கள்.

கேள்வி: அண்ணன், தங்கை. எந்த வயதில் பிரிப்பது?

இருவரில் ஒருவர் உடை மாற்றக் கூச்சப்படும்போதே. வேறு அறை இல்லையென்றால் உடை மாற்றும்போது தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் கதவைத் தட்டி, 'வரலாமா' என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.