கவர்னரைத் திட்டுவதற்கு முன்னால்: இந்த முறை வந்த கேள்விகள்

டீசல் ஜெனரேட்டர் செட்டின் வேகத்தை ஒரே நிலையில் பிடித்துவைப்பது கவர்னர். அதைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஹன்டிங், அதாவது வேகம் நிற்காமல் ஏறி இறங்கி ஆடுவது பற்றியவை. அவற்றில் பாதியில் "கவர்னர் போச்சு சார்" என்பதைத் தாண்டி ஒரு தகவலும் இல்லை. எலக்ட்ரானிக் கவர்னர் (வேகத்தை உணரும் பிக்கப், முடிவெடுக்கும் கன்ட்ரோலர் பெட்டி, பம்ப் லீவரை நகர்த்தும் ஆக்சுவேட்டர் மூன்றும் சேர்ந்தது) என்று எழுதினால் மட்டும் போதாது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது தகராறா, சும்மா ஓடும்போதா, லோட் ஏற்றியதும்தானா என்று ஒரு வரி சேர்த்தால் எனக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. டீசல் பம்ப் லீவரைக் கையால் இழுத்துப் பிடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கன்ட்ரோலர் மாற்ற வேண்டுமா?

முதலில் அந்தக் கையால் இழுக்கும் வேலையை நிறுத்துங்கள். கவர்னர் செத்திருக்கும்போது லீவரைப் பிடித்து இன்ஜினைக் கிளப்பினால், அது எகிறும்போது அடக்க அங்கே யாரும் இல்லை, உங்கள் கை மட்டும்தான்.

லீவரை இழுத்தால் ஓடுகிறது என்றால் டீசல் வருகிறது, பம்ப் நன்றாக இருக்கிறது. கிராங்க் ஆகும்போது, அதாவது செல்ஃப் இன்ஜினைச் சுற்றும்போது, ஆக்சுவேட்டர் முழு ஃப்யூல் பக்கம் நகர்கிறதா என்று ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். நகரவில்லை என்றால், ஃப்ளைவீலின் ரிங் கியர் பற்கள் கடப்பதை வைத்து வேகத்தை அறியும் மேக்னடிக் பிக்கப்தான் முதல் சந்தேகம். கிராங்க் வேகத்தில் அதிலிருந்து குறைந்தது 1 வோல்ட் ஏசி வர வேண்டும். வராவிட்டால் கன்ட்ரோலருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியாது, ஃப்யூலைத் திறக்காது. பிக்கப்பைக் கழற்றி முனையைப் பாருங்கள், இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருக்கும், துடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது ஓட்டைக்கு நேராக ரிங் கியரின் பல் நிற்க வேண்டும், பள்ளம் நிற்கக் கூடாது. பள்ளத்தில் இறக்கி இறுக்கிவிட்டு செல்ஃப் அடித்தால் அடுத்த பல் வந்து பிக்கப்பின் மூக்கை உடைத்துவிடும். பல்லைத் தொடும்வரை திருகி, முக்கால் சுற்று பின்னால் எடுத்து, லாக் நட்டை இறுக்குங்கள். இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

சிக்னல் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், கிராங்க் ஆகும் நேரத்தில் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் பார்க்காதீர்கள், கன்ட்ரோலரில் பாருங்கள். செல்ஃப் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு கன்ட்ரோலருக்கு மிச்சம் மீதி மட்டும் வரும் வயரிங்கை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் சரி என்றால், இன்ஜின் நின்றிருக்கும்போது ஆக்சுவேட்டரின் இரண்டு வயரையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, பேட்டரியை ஒரு நொடி நேராகக் கொடுங்கள். டக்கென்று முழுசாக நகர்ந்தால் ஆக்சுவேட்டர் நல்லது. கன்ட்ரோலரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: லோட் இல்லாமல் 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50. பழுதா?

இல்லை. 4 சதவீதம் ட்ரூப், அதாவது லோட் ஏற ஏற வேகமும் அதோடு ஹெர்ட்ஸும் கொஞ்சம் இறங்கும்படி, வைத்திருக்கிறார்கள். தனியாக ஓடும் செட் என்றால் ட்ரூப்பைப் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அப்படியே விடுங்கள்.

கேள்வி: ஒரு மாதமாக ஹன்டிங். கெயின், ஸ்டெபிலிட்டி எல்லா ஸ்க்ரூவையும் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். இரண்டு கன்ட்ரோலர் மாற்றியாகிவிட்டது. மூன்றாவது வாங்கலாமா?

வாங்காதீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு புது கன்ட்ரோலரும் ஒரே மாதிரி ஆடுகின்றன என்றால் பழுது கன்ட்ரோலரில் இல்லை. இது புரிய இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கியிருக்கவே வேண்டாம். அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேகம் குறைந்தால் கொஞ்சம் திற, கூடினால் கொஞ்சம் மூடு. எவ்வளவு பலமாக என்பது கெயின், எவ்வளவு சீக்கிரம் நிலைக்குக் கொண்டுவருவது என்பது ஸ்டெபிலிட்டி. அது "திற" என்று சொல்லி, நடுவில் ஆக்சுவேட்டரையும் பம்ப் லீவரையும் இணைக்கும் லிங்கின் தேய்ந்த பால் ஜாயின்ட்டில் கால் மில்லிமீட்டர் லூஸ் இருந்தால், பம்பில் டீசல் அளவை மாற்றும் தண்டான ரேக் தாமதமாக நகரும். பெட்டி இன்னும் கொஞ்சம் திற என்று சொல்லும், அதற்குள் ரேக் ஒரேயடியாகக் குதிக்கும், வேகம் எகிறும், மூடு என்று சொல்லும், மறுபடி அதே கதை. காதில் விழும் அந்த உறுமலும் இறக்கமும் இதுதான். ஸ்க்ரூவைத் திருப்பினால் இந்த ஆட்டத்தின் தாளம் மாறுமே தவிர ஆட்டம் நிற்காது.

ஆகவே இன்ஜினை நிறுத்தி, ஆக்சுவேட்டர் லிங்கைக் கழற்றி, பம்ப் லீவரை விரலால் நகர்த்திப் பாருங்கள். பட்டு மாதிரி போய் வர வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் பிடித்து விடுகிறது என்றால் பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அப்புறம் லிங்கின் இரண்டு முனை, லீவரின் கோணம். லோட் இல்லாத நிலையிலிருந்து முழு லோட் வரை போக ஆக்சுவேட்டர் தன் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பயன்படுத்த வேண்டும். கால் பங்கிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது என்றால் லீவரின் தப்பான ஓட்டையில் மாட்டியிருக்கிறீர்கள், எந்தக் கன்ட்ரோலராலும் அதை நிதானமாக ஓட்ட முடியாது.

லிங்கேஜ் சுத்தம் என்றால் டீசல் பக்கம் போங்கள். சக்ஷன் பைப்பில் காற்று இழுக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஏதாவது ஒரு இன்ஜெக்டர் விட்டுவிட்டு அடிக்கிறதா. இதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. கொஞ்சம் நிலையான லோட் கொடுத்துவிட்டு, ஆக்சுவேட்டர் லீவரை ஃப்யூல் குறையும் பக்கம் மட்டும் ஒரு துளி தள்ளி அசையாமல் பிடியுங்கள். ரேக் நகராதபோதும் வேகம் அதே தாளத்தில் ஏறி இறங்கினால் கவர்னருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மெதுவாக ஒரு பக்கமாக நழுவுவது இயல்புதான், அதை ஹன்டிங் என்று எழுதாதீர்கள்.

சொல்வதற்கு எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒருமுறை இப்படி ஆடிய இன்ஜின் முன் நானே இரண்டு மணி நேரம் கெயின் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள் பம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ரேக் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோட் அடித்திருந்தார்கள். துணியில் தின்னர் தொட்டுத் துடைக்கப் பத்து நிமிடம் ஆனது. பிறகு நான் கலைத்துவைத்த ஸ்க்ரூக்களை மறுபடி சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது, ஏனென்றால் பழைய இடத்தில் குறி போட்டு வைக்கவில்லை.

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஸ்க்ரூவைத் தொடும் முன் மார்க்கரால் குறி போடுங்கள். நீங்கள் எல்லாவற்றையும் எல்லாப் பக்கமும் திருப்பிவிட்டதால் இரண்டையும் நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். முதலில் கெயினை ஆட்டம் தொடங்கும்வரை மெல்ல ஏற்றி, அடங்கும்வரை இறக்கி, இன்னும் ஒரு துளி இறக்குங்கள். அடுத்து ஸ்டெபிலிட்டியையும் அதேபோல. லோட் இல்லாமல் ஒருமுறை, லோடில் ஒருமுறை. நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் படபடவென்று நடுங்கினால் பெரும்பாலும் கெயின் அதிகம், அல்லது பிக்கப் வயரில் இரைச்சல். மெதுவாக ஊஞ்சல் மாதிரி ஆடினால் ஸ்டெபிலிட்டி, லிங்கேஜ், டீசலில் காற்று.

கேள்வி: கவர்னர் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

எந்த இன்ஜின், எப்போது, எப்படி என்று எழுதலாம்.

கேள்வி: ஓடும்போது பிக்கப்பில் என் மீட்டர் 0.3 வோல்ட்தான் காட்டுகிறது. ஆனால் இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. எப்படி?

மீட்டர் பொய் சொல்கிறது. ரிங் கியரில் 120 பல், 1,500 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 3,000 அலை. மலிவான மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்யப்பட்டவை, சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் வாய்க்கு வந்ததைக் காட்டும். ஏசியில்தான் வைத்திருந்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், டிசியில் வைத்துவிட்டு எனக்கு எழுதியவர்களும் உண்டு. கிராங்க் வேகத்தில் அளந்தால் அந்த மீட்டரையே ஓரளவு நம்பலாம்.

கேள்வி: ஸ்டார்ட் ஆனதும் கரும்புகை கக்கிக்கொண்டு 1,700 ஆர்பிஎம்முக்கு மேல் எகிறி ஓவர்ஸ்பீடில் ட்ரிப் ஆகிறது. தொல்லை தாங்காமல் ட்ரிப்பை 1,900க்கு ஏற்றி வைத்தேன், இப்போது பிரச்சினை இல்லை. சரிதானே?

சரியில்லை. இதைப் படித்து முடித்ததும் போய்ப் பழைய இடத்தில் வையுங்கள். 1,500 செட்டுக்கு 10 முதல் 15 சதவீதம் மேலே, அதாவது ஏறத்தாழ 1,650லிருந்து 1,725க்குள், ட்ரிப் ஆகி இன்ஜின் நிற்க வேண்டும் என்று வைத்திருப்பது, இன்ஜினும் ஆல்டர்னேட்டர் சுற்றுகளும் பிய்த்துக்கொண்டு பறக்காமல் இருப்பதற்காகத்தான். உங்கள் இன்ஜின் எகிறுவதை நிறுத்தவில்லை, அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயைக் கட்டியிருக்கிறீர்கள்.

புகை என்றால் ஸ்டார்ட் ஃப்யூல் அதிகம். கன்ட்ரோலரில் ஸ்டார்ட்டிங் ஃப்யூல், ஸ்பீடு ராம்ப் (வேகம் எவ்வளவு சீக்கிரம் ஏறுவது) செட்டிங் இருந்தால் முதலில் ஃப்யூலைக் குறையுங்கள், பிறகு ராம்ப்பை மெதுவாக்குங்கள். கெயின் மிகக் குறைவாக இருந்தாலும் கவர்னர் சோம்பலாகப் பிடிக்கும், வேகம் தாண்டிப் போகும். ரேக் ஒட்டிக்கொள்கிறதா என்பதை மேலே சொன்னபடி விரலால் பாருங்கள். ஸ்க்ரூவைத் தொடும் முன் குறி, மறக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு செட்டைப் பேரலலில் போட்டால் ஒன்று மொத்த லோடையும் எடுத்துக்கொள்கிறது, மற்றது ரிவர்ஸ் பவரில் (மின்சாரம் கொடுக்காமல் தானே இழுத்துக்கொண்டு) விழுகிறது. தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் தங்கம்.

இரண்டும் ட்ரூப் இல்லாமல் ஓடுகின்றன என்று பந்தயம் கட்டுவேன். ஒன்று 50.0 என்றும் இன்னொன்று 50.1 என்றும் பிடிவாதமாக நின்றால் 50.1 மொத்தத்தையும் தூக்கும். இரண்டிலும் ஒரே அளவு ட்ரூப், 4 சதவீதம் போதும், அதே நோ-லோட் வேகம் வையுங்கள். அல்லது லோடைப் பங்கிடும் லோட் ஷேரிங் மாட்யூல் போட்டு இரண்டையும் வயர் இழுத்து இணையுங்கள். ஒன்றில் ட்ரூப், மற்றதில் பூஜ்யம் என்று வைத்தால் லோட் ஏறி இறங்குவது எல்லாம் பூஜ்யம் வைத்த செட்டின் தலையில் விழும்.

கேள்வி: விளக்கு எல்லாம் மங்கிப் பிரகாசிக்கிறது, ஆனால் ஹெர்ட்ஸ் மீட்டர் அசையவே இல்லை.

ஏவிஆர், அதாவது ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. கவர்னரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: முழு லோடில் 47 ஹெர்ட்ஸுக்கு விழுகிறது. ஸ்பீடு ஸ்க்ரூவை நன்றாக ஏற்றியும் அப்படியே நிற்கிறது.

அந்த நேரத்தில் ஆக்சுவேட்டரைப் பாருங்கள். முழு ஃப்யூலில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் கவர்னர் இருப்பதையெல்லாம் கேட்டுவிட்டது, இன்ஜின்தான் கொடுக்கவில்லை: ஃப்யூல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ, அல்லது லோடே அதிகம். ஆக்சுவேட்டர் முட்டியும் பம்ப் லீவர் தன் முழு ஃப்யூல் ஸ்டாப்பைத் தொடவில்லை என்றால் லிங்க் நீளம் தப்பு. ஏற்றிவைத்த ஸ்பீடு ஸ்க்ரூவை உடனே இறக்குங்கள். இப்போது அது தூங்குகிறது. லோட் திடீரென்று விலகும்போது விழித்துக்கொண்டு நேராக ஓவர்ஸ்பீடுக்குப் போகும், அன்றைக்கு ட்ரிப் வேலை செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள நேரிடும்.

கேள்வி: வாரத்தில் இரண்டு நாள் காரணமே இல்லாமல் நின்றுவிடுகிறது, மறுபடி போட்டால் ஓடுகிறது. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் வேகமும் துள்ளுகிறது.

இரண்டுமே வயரிங்தான். பிக்கப் சிக்னல் ஒரு கணம் அறுந்தாலும் கன்ட்ரோலர் ஃப்யூலை மூடும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஓடும்போது வயரை அங்கங்கே லேசாக அசைத்துப் பாருங்கள், சுற்றும் பாகங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாமல். எந்த இடத்தில் இன்ஜின் திக்குகிறதோ அங்கே வெட்டிச் சேருங்கள். வயர் முனையிலுள்ள லக் துருப்பிடித்திருக்கலாம், பிக்கப் லாக் நட் அதிர்வில் தளர்ந்திருக்கலாம். வெல்டிங் துள்ளலுக்கு, பிக்கப் வயர் ஷீல்ட் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ளதாக இருக்க வேண்டும், ஷீல்டை கன்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், இரண்டு முனையிலும் செய்தால் அதுவே இரைச்சலைச் சுமந்து வரும். பவர் கேபிளோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்து வேறு வழியில் கொண்டுபோங்கள். கன்ட்ரோலரின் பேட்டரி வயர் சார்ஜர் முனையிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள், அது நேராகப் பேட்டரியிலிருந்தே வர வேண்டும்.