ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

அன்புள்ள அக்கா,
உங்களுக்கு அல்சரேடிவ் கொலைடிஸ் இருக்குன்னு போன மாசம் ஒரு வரி எழுதியிருந்தீங்க. எனக்கும் அதேதான், எட்டு மாசமாச்சு. தினமும் திருப்பூர்ல இருந்து கோயம்புத்தூர் ஆபீசுக்கு பஸ், வழியில டாய்லெட் அவசரம் வந்துடுமோங்கற பயத்துல காலையில ஒண்ணுமே சாப்பிடறதில்ல. மாப்பிள்ளை பாக்கறதால யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மா சொல்றாங்க. இதே நோய் இருக்கற ஒருத்தரைக்கூட நான் நேர்ல பாத்ததில்ல. எங்க தேடறது? வெளிய பேசினா ஏதாவது மாறுமா?
எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே எழுதறேன்.

எனக்கு மோஷன்ல ரத்தம் வந்தப்ப வீட்ல மூலம்னாங்க, உடம்பு சூடுன்னாங்க, வெந்தயமும் மோரும் குடிச்சே ஆறு மாசம் போச்சு, அப்புறம் நோயோட பேர் தெரிஞ்சதும் அதுல அல்சர்ங்கற சத்தம் மட்டும் எல்லார் காதுலயும் விழுந்து, "வேளாவேளைக்கு சாப்பிட்டிருந்தா வந்திருக்குமா"ன்னு பாக்கறவங்க எல்லாம் கேட்டாங்க. இது அந்த அல்சர் இல்ல, நம்ம எதிர்ப்பு சக்தியே பெருங்குடலோட உள்பக்கத்தை புண்ணாக்கறதுன்னு எத்தனை பேருக்குத்தான் சொல்றது. உன்னை மாதிரியே நானும் பட்டினியா பஸ் ஏறி 38 கிலோவுக்கு வந்தேன். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாத, எதை எப்ப சாப்பிடலாம்னு டாக்டர்கிட்ட வெக்கப்படாம கேளு.

ஆள் எங்க கிடைச்சாங்கன்னா, மதுரையில இன்ஃப்ளிக்ஸிமாப்னு, எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து ஏத்தற வார்டுலதான். எட்டு வாரத்துக்கு ஒருதடவை, ரெண்டு மணி நேரம் ட்ரிப்ஸ். பக்கத்து சேர்ல உசிலம்பட்டி அக்கா ஒருத்தங்க. அவங்க வயர்கூடையில மடிச்ச பாவாடை ஒண்ணு, ஒரு மக், ரெண்டு கேரிபேக். நான் அதையே பாக்கறதை பாத்துட்டு, பிள்ளைங்க எத்தனைன்னு கேக்கற அதே குரல்ல, "உனக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா?"ன்னாங்க. பன்னெண்டுன்னேன். "எனக்கு ஒரு காலத்துல இருவது"ன்னாங்க. அவ்ளோதான், நான் அழுதுட்டேன். புருஷன்கிட்டகூட நான் அந்த நம்பரை சொன்னதில்ல.

அவங்களுக்கு க்ரோன்ஸ், நம்மளோடது மாதிரியே இன்னொரு குடல் நோய். முதல்ல குடல் டிபின்னு நினைச்சு மாசக்கணக்கா டிபி மாத்திரை குடுத்திருக்காங்க. ரெண்டும் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கற ஸ்கோப்புல, துளி சதை எடுத்துப் பாக்கற பயாப்ஸியில ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், நம்ம நாட்டுல டிபியும் அதிகம், அதனால இது இங்க நிறைய பேருக்கு நடக்கறது. பஸ்ல ஏறும்போதே கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சிடணும்ங்கறது அவங்க சொல்லிக் குடுத்தது. அவசரம் வந்தப்புறம் வாயே வராது.

அந்த வார்டுலயே இப்ப ஆறு பேர் ஆயிட்டோம். நோய் திரும்ப தீவிரமாகற ஃபிளேர் வந்தா ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட ஃபோன் பண்ணிப்போம். டாக்டர் இன்னொரு பேஷண்ட் நம்பரை உனக்குத் தரமாட்டார், தரவும் கூடாது. ஆனா உன் நம்பரை நர்ஸ்கிட்ட குடுத்து, இதே நோய் இருக்கறவங்க யாராவது பேச இஷ்டப்பட்டா குடுங்கன்னு சொல்லலாம். மாத்திரையை நிறுத்து, இந்த பவுடரை வாங்குன்னு எவனாவது சொல்ற வாட்ஸப் குரூப்பா இருந்தா உடனே வெளிய வந்துடு.

பேசினா மாறுமான்னு கேட்ட. அமெரிக்காவுல இல்லினாய்ல ஆலி பெய்ன்னு ஒரு 14 வயசுப் பொண்ணு, க்ரோன்ஸ், ஒரு பெரிய கடையில அவசரம்னு கெஞ்சியும் ஊழியர் டாய்லெட்டை திறந்துவிடல, அங்கயே ஆயிடுச்சு. அந்த அவமானத்தை அம்மாவும் பொண்ணும் மறைக்கல, சட்டமன்ற உறுப்பினர் கேத்லீன் ரிக்கிட்ட போய் சொன்னாங்க. 2005லயே சட்டம் வந்துடுச்சு, இந்த மாதிரி நோய் இருக்கறவங்களுக்கு கடைக்காரன் ஊழியர் டாய்லெட்டை விட்டாகணும். அப்புறம் ஒரு டஜன் மாநிலத்துக்கும் மேல அதே மாதிரி சட்டம் போட்டாங்க. எனக்கும் ஒரு துணிக்கடையில "ஸ்டாஃபுக்கு மட்டும்தான்"னு சொன்னாங்க, நான் வீட்டுக்கு வந்து ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல. அந்தப் பொண்ணை நினைக்கறப்ப எல்லாம் அது உறுத்தும்.

ஜப்பான் பிரதமரா இருந்த ஷின்சோ அபே இதே கொலைடிஸாலதான் பதவி விலகறேன்னு 2020ல ஊரறிய சொன்னார். அங்க இது அரசாங்கப் பட்டியல்ல இருக்கற நோய், வைத்தியச் செலவுக்கு உதவி உண்டு. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, அதுல நம்ம நோய் இல்ல. கேக்கறதுக்கு ஆள் சேரணும், சேரணும்னா முதல்ல வெளிய தெரியணும், எனக்கு வேற வழி தெரியல.

சின்னதா ஆரம்பிக்கலாம். நாங்க ஆறு பேரும் தமிழ்ல ஒரு அட்டை வச்சிருக்கோம். "எனக்கு குடல் நோய், தொத்து நோய் இல்ல, அவசரமா கழிவறை வேணும்"னு எழுதி, டாக்டர் கையெழுத்து வாங்கி லேமினேட் பண்ணினது. ரெண்டு கடையில காட்டினேன், ரெண்டுலயும் விட்டாங்க. நீ ஆபீஸ்ல ஹெச்ஆர்கிட்ட டாய்லெட் பக்கத்து சீட்டும், ஃபிளேர் சமயத்துல வீட்ல இருந்து வேலையும் கேளு, டாக்டர் லெட்டரோட.

அம்மா மேல கோவப்படாத, அவங்க பயம் அவங்களுக்கு. ஆனா மறைச்சு கட்டிக்காத. நோய் அடங்கியிருக்கறப்ப பிள்ளை பெத்துக்கறதுக்கும் பெரும்பாலும் தடை இல்லங்கறதை அம்மாவை கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலயே சொல்ல வை.

உசிலம்பட்டி அக்காகிட்ட கேட்டுட்டேன், பேசறேன்னு சொல்லியிருக்காங்க. உன் நம்பரை எனக்கு மெயில்ல மட்டும் அனுப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிடுவாங்க, புது நம்பரா இருக்கேன்னு எடுக்காம விட்டுடாத.