மிக்ஸியோட கிரெனடாவுக்கு

கேள்வி: வீட்டுக்காரருக்கு கரீபியன் தீவான கிரெனடாவுல மெடிக்கல் சீட் கிடைச்சிருக்கு, நானும் கூடப் போறேன். மிக்ஸி எடுத்துட்டுப் போகலாமா? அவர் கிளாஸுக்குப் போயிட்டா நாள் பூரா நான் என்ன பண்றது?
– வாசகி, கோவை

பதில்: மிக்ஸிய தாராளமா தூக்கிட்டுப் போங்கம்மா, அங்கயும் நம்மூரு மாதிரி 230 வோல்ட்தான், பிளக் மட்டும் இங்கிலாந்து மாடல், ஒரு அடாப்டர் போதும். சனிக்கிழமை காலைல தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் மார்க்கெட்டுக்குப் போயிடுங்க, நம்ம சேப்பங்கிழங்கு இலையத்தான் கலலூன்னு கட்டு கட்டா விப்பாங்க, மஞ்சள் கேட்டா சாஃப்ரன்னு சொல்லி நீட்டுவாங்க, ஐயோ குங்குமப்பூ விலை சொல்லப் போறாங்களேன்னு நான் முதல் நாள் பயந்தே போயிட்டேன். சீமைப்பலா, தேங்காப்பால், இந்த மஞ்சள், உப்புப் போட்ட கறி எல்லாம் ஒரே சட்டில அடுக்கி பால் சுண்டற வரை வேகவிட்டா ஆயில் டவுன், அவங்க தேசிய சாப்பாடு. நான் கறி போடாம கடுகு தாளிச்சுப்பேன், அவங்க பார்த்தா சிரிப்பாங்க!

பஸ்ஸுன்னா குட்டி வேன்தான், பாட்டு காதைக் கிழிக்கும், இறங்கணும்னா தகரத்துல தட்டணும், நான் கூச்சப்பட்டு தட்டாம ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி வெயில்ல நடந்திருக்கேன். ஏறினதும் குட் மார்னிங் சொல்லிடுங்க, சொல்லலைன்னா திமிர்னு நினைப்பாங்க.

ஒர்க் பெர்மிட் இல்லாம சம்பள வேலைக்குப் போக முடியாது, அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. யாராவது விலை சொன்னா எந்த டாலர்னு கேளுங்க, ஒரு அமெரிக்க டாலருக்கு அவங்க ஊரு பணம் 2.70 கிழக்குக் கரீபியன் டாலர். அம்மாவுக்கு போன் பண்றதுன்னா காலைலயே பண்ணிடுங்க, அங்க சாயங்காலம் 6 மணின்னா கோவைல விடியக்காலை 3.30.