32-ஐ எப்போது கூட்டுவது, எப்போது கூட்டக்கூடாது?

கேள்வி: எங்கள் வீட்டு வெப்பமானி பாரன்ஹீட்டில் காட்டுகிறது. பூக்கும் பருவத்தில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நெல் பதராகும் என்கிறார்கள். அது எங்கள் கணக்கில் எவ்வளவு? இன்னொன்று, ‘இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்’ என்று செய்தியில் வந்ததைக் கைப்பேசியில் மாற்றிப் பார்த்தால் 37.4 என்று வருகிறது. அவ்வளவு கூடுமா? – வலங்கைமான் விவசாயி ஒருவர்

பதில்: கூடாது. அதிகமாவது 5.4 டிகிரி பாரன்ஹீட் மட்டுமே. கைப்பேசி போட்ட கணக்கு சரிதான். ஆனால் அது உங்கள் கேள்விக்கான கணக்கு இல்லை. படித்தவர்கள்கூட இந்த இடத்தில் தவறுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீர் உறைவது செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. கொதிப்பது 100, 212. இடையே அங்கே 100 படி, இங்கே 180 படி. ஆகவே ஒரு செல்சியஸ் படி 1.8 பாரன்ஹீட் படிக்குச் சமம். எண்ணத் தொடங்கும் இடமும் வேறு என்பதால்தான், வெப்பமானி காட்டும் அளவை மாற்றும்போது 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டுகிறோம். ‘இவ்வளவு கூடியது, குறைந்தது’ என்னும்போது தொடக்கம் எதுவானால் என்ன? கிலோமீட்டர் கல்லை எந்த ஊரிலிருந்து எண்ணினாலும் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள தூரம் மாறாது. வித்தியாசத்துக்கு 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32 வேண்டாம்.

கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பம் 37 டிகிரி செல்சியஸையாவது தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இதில் 37 என்பது அளவு, அதனால் 98.6 ஆகும். 4.5 என்பது வித்தியாசம், அது 8.1 தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு விதக் கணக்கு!

மனக்கணக்குக்கு ஒரு வழி உண்டு. செல்சியஸை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32-ஐக் கூட்டுங்கள். 35-ஐ இரட்டித்தால் 70, அதில் 7 போக 63, 32 சேர்த்தால் 95. இது தோராயம் இல்லை, துல்லியமான விடை. திருப்பிப் போட 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும்.

சரி, வயலுக்கு வருவோம். உங்கள் எல்லைக்கோடு 95. பம்புசெட் தண்ணீரில் முன்பட்டக் குறுவை போட்டவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், பூக்கும் நேரம் கடும் வெயிலில் வந்து விழும். நெற்பூ பெரும்பாலும் முற்பகலில்தான் விரியும். அந்த நேரத்துச் சூட்டில் மகரந்தம் கெட்டால் மணி பிடிக்காது. அதனால் மதிய உச்சத்தை மட்டும் பார்க்காமல் காலை 9 மணியிலிருந்தே பாருங்கள். வெப்பமானி வெயிலில் தொங்கினால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தானே காய்ந்த சூட்டைத்தான் காட்டும். நிழலில், காற்றோட்டமாக, ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். முற்பகலிலேயே 95-ஐ நெருங்கினால், பூக்கும் அந்தச் சில நாட்களுக்கு வயலில் தண்ணீர் வற்றவிடாதீர்கள். நீர் ஆவியாகும்போது பயிரைச் சுற்றிய சூடு தணியும்.