73 இருக்க 62 எப்படிச் சாதனை? – ஹோம் ரன் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (காட்பாடி வாசகர்): அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், 2022-இல் ஏரன் ஜட்ஜ் என்ற பேஸ்பால் வீரர் ஒரே சீசனில் 62 ஹோம் ரன் அடித்து 61 ஆண்டு காலச் சாதனையை முறியடித்தார் என்று சொல்கிறான். ஆனால் 2001-லேயே பாரி பாண்ட்ஸ் 73 அடித்ததாகப் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாகும்?

பதில்: இரண்டும் உண்மைதான். ஹோம் ரன் என்பது கிரிக்கெட்டின் சிக்சர் போன்றது; பெரும்பாலும் பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அடிப்பது. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பிரிவுகளாக நடக்கிறது. ஒவ்வொரு லீகுக்கும் தனிச் சாதனைப் பட்டியல் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரு பொதுப் பட்டியலும் உண்டு. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜட்ஜ் முறியடித்தது, அதே அணியின் ரோஜர் மேரிஸ் 1961-இல் அடித்த 61 என்ற அமெரிக்கன் லீக் சாதனையை. சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பாண்ட்ஸ் நேஷனல் லீகைச் சேர்ந்தவர். அவருடைய 73 பொதுப் பட்டியலில் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. லீக் சாதனை ஒன்றை அமெரிக்க ரசிகர்கள் அவ்வளவு பெரிதாகக் கொண்டாடியது ஏன்? ஒரு சீசனில் 60 ஹோம் ரன்னை எட்டியவர்களின் வரிசையைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1927-இல் பேப் ரூத் 60. 1961-இல் மேரிஸ் 61. 1997 வரை வேறு எவரும் அந்த எண்ணைத் தொடவில்லை. பிறகு 1998 முதல் 2001 வரையிலான நான்கே ஆண்டுகளில் ஆறு முறை அது எட்டப்பட்டது: மார்க் மெக்வயர் 70, 65, சாமி சோசா 66, 63, 64, பாண்ட்ஸ் 73. ஊக்கமருந்துப் பரிசோதனையும் தண்டனையும் 2004-இல் முறையாக நடைமுறைக்கு வந்தபின், 2022 வரை ஒருவராலும் 60-ஐத் தொட முடியவில்லை. தான் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை மெக்வயர் 2010-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸ், தெரிந்தே பயன்படுத்தியதாக ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. விசாரணைக்கு இடையூறு செய்தார் என்று 2011-இல் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பும் 2015-இல் மேல்முறையீட்டில் ரத்தாயிற்று. ஆயினும் பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் புகழ்க்கூடத்தில், பத்து ஆண்டு வாக்கெடுப்புகளிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

73-ஐப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்த ஹோம் ரன்களால் ஆட்டங்கள் வெல்லப்பட்டன, தோற்கப்பட்டன. அவற்றை நீக்கினால் அந்த ஆட்டங்களின் முடிவுகளையும் நீக்க வேண்டியிருக்கும். எண் அப்படியே நிற்கட்டும். அது எந்தக் காலத்தில், எந்தச் சூழலில் வந்தது என்பதையும் சேர்த்தே ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். பாண்ட்ஸின் ஆற்றலையும் அதே நேர்மையோடு சொல்லியாக வேண்டும். பேஸ்பாலில் பந்து வீச்சாளர் சரியான எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசிவிட்டால், மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இதை 'வாக்' என்பார்கள். அஞ்சிய வீச்சாளர்கள் அந்த ஆண்டில் பாண்ட்ஸுக்கு 177 வாக் கொடுத்தார்கள். எஞ்சிய 476 வாய்ப்புகளில்தான் அவர் 73 அடித்தார். அதாவது ஏறத்தாழ ஆறரை வாய்ப்புக்கு ஒன்று.

ஜட்ஜின் 62-க்கும் ஒரு தனி எடை உண்டு. 2022-இல் ஹோம் ரன்களின் மொத்த எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. இரண்டு லீகுகளையும் சேர்த்து அவருக்கு அடுத்து வந்தவர் அடித்தது 46 மட்டுமே. 2025-இல் சியாட்டில் அணியின் கேல் ராலி சரியாக 60 அடித்தார். ஆட்டம் முழுவதும் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஒருவர் அந்த எண்ணை எட்டியது அதுவே முதல் முறை.

கேள்வி (ஆரணியிலிருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்): ரூத் காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டங்கள், மேரிஸ் காலத்தில் 162 ஆட்டங்கள் என்கிறார்கள். அப்படியானால் மேரிஸின் 61-ஐச் சாதனை என்பது நியாயமா? அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்களாமே?

பதில்: நியாயம்தான் என்பது என் உறுதியான கருத்து. 1961-இல் அமெரிக்கன் லீக் எட்டு அணிகளிலிருந்து பத்து அணிகளாக விரிந்தது; அதனால்தான் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடியது. மேரிஸும் சக வீரர் மிக்கி மான்டிலும் போட்டி போட்டுக்கொண்டு அடித்துவந்தபோது, சீசன் பாதி கடந்த ஜூலை மாதத்தில், பேஸ்பால் நிர்வாகத் தலைவரான ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: 154 ஆட்டங்களுக்குள் ரூத்தின் 60-ஐக் கடந்தால்தான் அது முழுச் சாதனை, இல்லையேல் தனியாகக் குறிக்கப்படும். ஃப்ரிக் முன்னாள் பத்திரிகையாளர்; ரூத்தின் பெயரில் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தவர். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, தன் நண்பருக்குச் சாதகமாக விதியை மாற்றியதாகத்தான் அதைக் கருத முடிகிறது.

154 ஆட்டங்கள் முடிந்தபோது மேரிஸ் 59-இல் நின்றார். மன அழுத்தத்தால் அந்தக் கோடையில் அவருக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. 1961 அக்டோபர் 1, சீசனின் கடைசி நாள். பாஸ்டன் அணியின் ட்ரேசி ஸ்டாலர்டு வீசிய பந்தை, நான்காவது இன்னிங்ஸில் வலதுபுற இருக்கைகளுக்குள் அனுப்பி 61-ஐ அடித்தார். ஆட்டம் 1–0 என்று முடிந்தது. அந்த ஒரே ரன் அந்த ஹோம் ரன்தான். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய யாங்கி அரங்கில் அன்று வந்திருந்தவர்கள் 23,154 பேர் மட்டுமே. ஆணையரின் அறிவிப்பு அந்த நாளின் மதிப்பைக் குறைத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆட்டங்களை எண்ணுவதைவிட, மட்டை பிடித்த முறைகளை எண்ணுவதே பொருத்தம். 1927-இல் ரூத் மட்டை பிடிக்க வந்தது 691 முறை. 1961-இல் மேரிஸ் வந்தது 698 முறை. வித்தியாசம் ஏழே முறை. நட்சத்திரக் குறி என்பது பேச்சில் நிலைத்துவிட்ட செய்தி. உண்மையில் இரண்டு சாதனைகளும் தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டன, குறி எதுவும் இடப்படவில்லை. அந்தப் பிரிவினையை 1991-இல் ஒரு குழு நீக்கியது. மேரிஸ் 1985-லேயே காலமாகிவிட்டார்.

கேள்வி (வேலூர், சத்துவாச்சாரி மாணவி): நம் ஊர் வெயிலில் ஆடினால் ஹோம் ரன் அதிகமாக விழுமா?

பதில்: ஓரளவு விழும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. பந்தைத் தடுக்கும் விசையும் அதில் குறையும். உயரமான இடங்களிலும் அப்படியே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் பந்து வெகுதூரம் பறக்கும். ஆனாலும் அந்த ஊர் அணியில் ஒருவர் ஒரே சீசனில் அடித்த அதிகபட்சம் 49தான்.

கேள்வி (பேரணாம்பட்டு வாசகர், டேனரித் தொழிலாளி): பேஸ்பால் பந்து எந்தத் தோலால் செய்யப்படுகிறது? பந்தை மாற்றினால் சாதனை மாறுமா?

பதில்: தோல் அறிந்த ஒருவரிடமிருந்து வந்த இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1974-க்கு முன் குதிரைத் தோல். அதன்பின் மாட்டுத் தோல். நம் பகுதியில் பெயர்பெற்ற ஆவாரம்பட்டை, கடுக்காய்ப் பதனீடு தோலுக்குப் பழுப்பு நிறம் தரும். பந்துக்கு வெண்மை வேண்டும் என்பதால் அங்கே படிகாரத்தில் பதனிடுகிறார்கள். உள்ளே தக்கையும் ரப்பரும் சேர்ந்த சிறு உருண்டை. அதன்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல். அதன்மேல் 8 என்ற எண்ணின் வடிவில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகள். கோஸ்டாரிகா நாட்டின் துரியால்பா என்ற ஊரில் தொழிலாளர்கள் இரண்டு ஊசிகளைக் கொண்டு, மெழுகிட்ட சிவப்பு நூலால், 108 இரட்டைத் தையல்களைக் கையாலேயே போடுகிறார்கள்.

அந்தத் தையல் எவ்வளவு மேலெழும்பி நிற்கிறது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. தையல் சற்றே தாழ்ந்தால் காற்றின் தடை குறைந்து பந்து கூடுதல் தூரம் போகும். 2019-இல் அமெரிக்காவில் 6,776 ஹோம் ரன்கள் விழுந்தன. அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஆராய்ந்த அறிவியலாளர் குழு, தையலின் உயரம் மிகச் சிறிதளவு குறைந்திருந்ததை ஒரு காரணமாகக் காட்டியது. ஒவ்வொரு சீசனின் எண்ணுக்குப் பின்னாலும் தோலை இழுத்துத் தைத்தவர்களின் கை இருக்கிறது. சாதனைப் பட்டியல்கள் அதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி (வாலாஜாப்பேட்டை வாசகர்): அமெரிக்காவுக்கு வெளியே இத்தகைய சாதனைகள் உண்டா?

பதில்: ஜப்பானில் உண்டு. யோமியுரி ஜயன்ட்ஸ் அணியின் சதாஹரு ஓ, இடக்கை மட்டையாளர். பந்து வரும்போது வலது காலைத் தூக்கி, ஒற்றைக் காலில் நின்று அடிப்பார். 1964-இல் அவர் அடித்த 55, சுமார் அரை நூற்றாண்டு அங்கே முறியடிக்கப்படாமல் நின்றது. அவருடைய ஆற்றலில் ஐயமே இல்லை. ஆனால் அந்த எண் அத்தனை காலம் நின்றதற்கு அது மட்டும் காரணமில்லை. 1985-இல் அமெரிக்கரான ராண்டி பாஸ் 54-இல் இருந்தபோது, கடைசி ஆட்டத்தில், ஓ மேலாளராக இருந்த அணியின் வீச்சாளர்கள் அவருக்கு மீண்டும் மீண்டும் வாக் கொடுத்தார்கள். தாம் அப்படி உத்தரவிடவில்லை என்றார் ஓ. 2001-இல் டஃபி ரோட்ஸும் 2002-இல் அலெக்ஸ் கப்ரேராவும் 55-ஐ எட்டிச் சமன் செய்தார்கள்; அவர்களையும் தாண்டவிடாமல் தடுக்க இதே வழி கையாளப்பட்டது. அடிக்கவே வாய்ப்புத் தராமல் காக்கப்படும் சாதனை, அதை வைத்திருப்பவருக்கும் பெருமை சேர்க்காது.

2013-இல் யாகுல்ட் அணிக்கு ஆடிய, குராசாவ் தீவைச் சேர்ந்த விளாதிமிர் பாலென்டியன் 60 அடித்து அந்த எண்ணைக் கடந்தார். அதே அணியின் முனெடகா முராகாமி 2022 செப்டம்பர் நடுப்பகுதியிலேயே 55-ஐ எட்டிவிட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் அங்கேயே நின்றார். அக்டோபர் 3 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில், தனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பில் 56-ஐ அடித்தார். ஜப்பானில் பிறந்தவர்களில் ஒரே சீசனில் அதிகம் அடித்தவர் என்ற பெயர் அவரிடம் வந்தபோது அவருக்கு வயது 22.