1969 லம்போர்கினி மியூரா எஸ்வி கார் ஏன் இவ்வளவு மலிவு?

அது பிறவி எஸ்வி (மியூராவின் கடைசி வகை) இல்லை, அதனால்தான் விலை குறைவு. விளம்பரத்தில் '1969 எஸ்வி' என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். லம்போர்கினி எஸ்வியை ஜெனிவா கண்காட்சியில் காட்டியதே 1971இல். ஆக, அது பெரும்பாலும் மியூராவின் முந்தைய வகைகளான பி400 அல்லது பி400 எஸ் ஆகப் பிறந்து, பிற்பாடு எஸ்வியாக மாற்றப்பட்ட கார்.

அசல் எஸ்வி சுமார் 150தான். சேகரிப்பவர்கள் அந்த எண்ணிக்கைக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள், அகன்ற பின்புறத்துக்கு அல்ல.

வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முந்தைய வகைகளில் முகப்பு விளக்கைச் சுற்றி இமைமுடி போலிருக்கும் கறுப்புக் கம்பிகளை எடுத்துவிடலாம், பின் மட்கார்டையும் அகலப்படுத்திவிடலாம். சேஸி எண், எஞ்சின் எண் இரண்டின் படங்களையும் விற்பவரிடம் கேளுங்கள். அப்புறம் இத்தாலியின் சான்டகாட்டாவில் பழைய கார்களுக்காக லம்போர்கினியே நடத்தும் போலோ ஸ்டோரிகோ பிரிவில், இந்த எண்கள் எந்த மாடலாக வெளியே போயின என்று விசாரியுங்கள். படம் தர விற்பவர் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி எண்ணெய் இருந்தால்தான் அசல் என்று சிலர் சொல்வார்கள். அது பிந்தைய எஸ்விகளில் மட்டுமே வந்தது. அது இல்லாததால் மட்டும் ஒரு காரைப் போலி என்று சொல்ல முடியாது.

மாற்றப்பட்ட கார் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஓட்ட அருமையாகவே இருக்கும். ஆனால் பி400 விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசுங்கள்.