கார்டு ஏன் உங்ககிட்ட இருக்கு?

கேள்வி: எனக்கு 46 வயசு, கோவை சிங்காநல்லூர். அப்பாவுக்கு 73, மில் வேலையில இருந்து ரிட்டயர்டு ஆனவர். பையனுக்கு 19, காலேஜ் விட்டு வந்து ஃபுட் டெலிவரிக்குப் போறான். ரெண்டு பேரும் என் பேச்சைக் கேக்கறதே இல்ல. அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போயே தீருவேன்னு நிக்கிறார், சொந்தக்காரங்க என்னைத்தானே காறித் துப்புவாங்க? போன மாசம் பேரன்கிட்டயே 200 ரூபா கடன் வாங்கியிருக்கார், மானமே போச்சு. சாப்பாடு, மருந்து எல்லாம் நான்தான் பாக்கறேன். பென்ஷன் 1,900 வருது, ஏடிஎம் கார்டு என்கிட்டதான் இருக்கு, அவருக்கு அதெல்லாம் வராது. பையன் சம்பாதிக்கிறதையும் வீணாக்கிடுவான்னு என் அக்கவுண்ட்லயே வாங்கி வச்சுக்கறேன். இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

பதில்: தம்பி, இந்த மாதிரி லெட்டர் எனக்கு நிறைய வருது, எல்லாத்துலயும் அப்பா பிடிவாதம், பையன் அடங்க மாட்டேங்கிறான், நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்னுதான் இருக்கும். உங்க லெட்டர்லயும் அதுதான். ஆனா போற போக்குல ஒரு வரி எழுதிட்டீங்க, கார்டு என்கிட்டதான் இருக்குன்னு. மத்ததை எல்லாம் அப்புறம் பேசலாம், அந்தக் கார்டு ஏன் உங்ககிட்ட இருக்கு?

அவருக்கு வராதுன்னு சொல்றீங்க. வருஷக்கணக்கா மில்லுல மிஷின் ஓட்டினவருக்கு நாலு நம்பர் அழுத்த வராதா? ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போய் சொல்லிக் கொடுத்தீங்களா? சரி, ஏடிஎம்மே வேணாம், பேங்க்ல ஸ்லிப் எழுதிக் கொடுத்து பணம் எடுக்கலாமே, எத்தனையோ பெரியவங்க இன்னைக்கும் அப்படித்தான் எடுக்கறாங்க. 70 தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2017லயே பேங்குகளுக்குச் சொல்லியிருக்கு. வழி இல்லாம கார்டு உங்க கைக்கு வரல. வச்சுக்கறது உங்களுக்கு சவுகரியமா இருக்கு, அவ்ளோதான்.

மில் தொழிலாளி வாங்கற பிஎஃப் பென்ஷனே எவ்ளோ கம்மி. குறைஞ்சது 1,000 ரூபான்னு 2014ல வச்சாங்க, பத்து வருஷம் தாண்டியும் அங்கயேதான் நிக்குது. ஒண்ணுமே இல்லாத முதியவங்களுக்கு மாநில அரசு கொடுக்கறது 2023ல ஏத்தியும் 1,200தான். வயசானா இவ்ளோ போதும்னு வெளிய இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க, அந்தக் கொஞ்சத்தையும் வீட்டுல மகன் வாங்கி வச்சுக்கிட்டா அந்த மனுஷன் ஒரு டீ குடிக்கணும்னாலும் யார்கிட்ட போய் நிப்பார்? பேரன்கிட்டதான் போனார். அதுல உங்க மானம் எங்க போச்சு, அவரை அந்த நிலைமைக்குக் கொண்டு வந்தது யாரு?

பையன் விஷயமும் இதேதான். 18 முடிஞ்சா ஓட்டு போடலாம், மேஜர்னு சட்டம் சொல்லுது, மழையில வண்டி ஓட்டி சம்பாதிக்கலாம், அந்தக் காசை மட்டும் கையில வச்சுக்க வயசு பத்தாதா? அந்த 200 எங்க இருந்து வந்திருக்கும்னு யோசிச்சீங்களா, யாராவது கஸ்டமர் கையில கொடுத்த டிப்ஸா இருக்கும், அதைத் தாத்தாவுக்குக் கொடுத்திருக்கான். நல்ல பிள்ளையா வளர்த்திருக்கீங்க, அதைப் போய் கம்ப்ளைண்ட்டா எழுதறீங்க. அவனுக்கு வயசு பத்தல, அவருக்கு வயசு தாண்டிடுச்சு, நடுவுல இருக்கற உங்களுக்கு மட்டும் கரெக்டான வயசு, அப்படித்தானே?

2007ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்துல சாப்பாடு, துணி, இருக்க இடம், வைத்தியம் எல்லாம் பிள்ளையோட கடமைன்னு தெளிவா இருக்கு, மறுத்தா ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர்கிட்ட, மனு கொடுக்கலாம். அதனால சோறு போடறேன் மருந்து வாங்கறேன்னு கணக்கு காட்டாதீங்க, அது நீங்க செஞ்சே ஆகணும், அதுக்குப் பதிலா பென்ஷனை எடுத்துக்க முடியாது. 14567னு முதியோர் ஹெல்ப்லைன் கூட இருக்கு. உங்கப்பா அதுக்கெல்லாம் போன் பண்ண மாட்டார், மகன் பேர் கெட்டுடும்னு பயப்படுவார். அந்தப் பாசத்தை நம்பித்தான் கார்டு உங்க பர்ஸ்ல இருக்கு, இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு.

இன்னைக்கே கார்டைக் கொடுத்துடுங்க. இதுவரைக்கும் எடுத்ததுக்குக் கணக்கு சொல்லுங்க, அவர் வேணாம்னாலும் சொல்லுங்க. பின் நம்பரை அவரே மாத்தட்டும், நீங்க பக்கத்துல நிக்க வேணாம். பென்ஷன்காரர் உயிரோட இருக்கார்னு வருஷா வருஷம் கொடுக்கற லைஃப் சர்டிஃபிகேட்டை போன்லயே முகத்தைக் காட்டி முடிச்சுடலாம், பேரனைச் செய்யச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. பையன் காசு அவன் அக்கவுண்ட்டுக்கே போகட்டும், வீட்டுச் செலவுக்கு இவ்ளோ கொடுடான்னு கேளுங்க, கேக்கலாம், தப்பே இல்ல, குடும்பத்துல சம்பாதிக்கிறவங்க எல்லாரும் போடணும்னுதான் நானும் சொல்றேன்.

செக்யூரிட்டி வேலைக்கு அவர் ஏன் துடிக்கிறார்னு இப்பவாவது புரியுதா? கார்டு கைக்கு வந்த பிறகு உக்காந்து கேளுங்க. அப்பவும் போறேன்னா தடுக்காதீங்க. 12 மணி நேர நைட் ஷிஃப்ட் மட்டும் இந்த உடம்புக்கு வேணாம்னு கெஞ்சியாவது சொல்லுங்க. பகல் வேலைன்னா சேர்றதுக்கு முன்னாடி நீங்களே அந்த இடத்துக்குப் போய், உக்கார ஒரு சேர் போடறாங்களா, வாட்ச்மேனுக்கு பாத்ரூம் இருக்கான்னு பாத்துட்டு வாங்க.